மரைக்காயர் கிணற்றில் போட்ட உப்பு

நம் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரமே ஒரு பழைய அறிக்கையைக் கையில் கொடுத்து, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். பச்சைத் துணி அட்டை போட்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாந்திபேதி பரவியது, இரண்டே நாளில் அங்கிருந்த கிணறுகளையெல்லாம் சோதித்தது, கெட்ட கிணற்றைக் கண்டுபிடித்து மூடியது, பிறகு நோய் அடங்கியது, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடைசியில் வரும் அட்டவணை என் கையெழுத்து. பார்க்க அழகாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். மற்றதெல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அந்த அறிக்கையில் மாசுபட்டது என்று எழுதி மூடப்பட்ட கிணறு அந்தச் சந்திலேயே நல்ல கிணறு. அதை நாங்கள் மூடியதால்தான் ஜனங்கள் கெட்ட கிணற்றுக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் செத்தார்கள். இது எனக்கு அப்போதே தெரியும்.

போன மாதம் எனக்கு மாலை போட்டு வழியனுப்பியபோது, இளையவர்களுக்காக அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கதைகள் இல்லாமல் இல்லை. கால்வாயில் சாயத்தை ஊற்றிவிட்டு அது எந்த வீட்டுச் சாக்கடையில் தலைகாட்டுகிறது என்று நாள் முழுதும் வெயிலில் காத்துக் கிடந்தது, அன்னாசிப்பழ ஆலைக்காரன் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஆறு டின் பழத்தைத் தலையில் கட்டப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போகலாம். அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இதை நான்தான் சொல்ல முடியும். வேறு யாருக்கும் தெரியாது.

முதலில் எனக்கு அந்த மேசை எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். எனக்கு முன்னால் அதில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சுத்தமான வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, பேச்சில் அவசரமே இருக்காது. தண்ணீர் எடுக்கப் போனால் போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பி வரமாட்டார். கிணற்றடியில் நின்று, எப்போது தோண்டியது, எப்போது இறைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று பெண்பிள்ளைகளிடமும் கூலிகளிடமும் விசாரித்துக்கொண்டே இருப்பார். நான் போத்தல் தூக்கியாக அவர் பின்னால் போய்க் கால் கடுக்க நிற்பேன்.

“தம்பி, போத்தல் தண்ணிக்குள்ள என்ன கிடக்கெண்டுதான் சொல்லும். அது எப்பிடி வந்ததெண்டு கிணத்தடியில நிக்கிற சனத்தைத்தான் கேக்க வேணும்” என்பார்.

கேட்டதையெல்லாம் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் எழுதுவார். குறிப்பு என்று மேலே போட்டிருக்குமே, அந்தக் கட்டம். ஒருமுறை ஒரு கிணற்றுத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் இனிப்பதற்காக நெல்லிக்கட்டை போட்டிருக்கிறார், நிறம் அதனால் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். எங்கள் துரை அதை எல்லாரும் கேட்கும்படி வாசித்தார். அடுத்த முறை அந்தக் கட்டையையும் கூடவே கொண்டுவாருங்கள், தேநீர் போட்டுக் குடிக்கலாம் என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டு மாதத்தில் அவரைப் பழைய பதிவேடுகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அவர் மேசையையும் கண்ணாடிக் குழாய்களையும் என்னிடம் கொடுத்தார்கள். எருமைக் கொட்டடி என்ற பேட்டையில் மாட்டுவண்டி ஓட்டியவரின் மகன் நான். எங்கள் ஆட்களில் ஒருவனை அந்த மேசையில் உட்காரவைத்தது அதுதான் இரண்டாவது தடவை. முதல் ஆளை ஏன் எழுப்பினார்கள் என்பதை நான் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் ஒன்றும் எழுதக்கூடாது. அவ்வளவுதான் நான் கற்றது.

வாந்திபேதி அந்தச் சந்தின் கோடியில் இருந்த கூலிகள் தங்கும் வீட்டில் தொடங்கியது. ஒரே நாளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மறுநாள் மேலும் பலர் படுத்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. இரண்டு நாளில் எல்லாக் கிணறுகளையும் சோதித்து, கெட்டதை மூட வேண்டும். நாங்கள் செய்யும் சோதனைகளை ஒழுங்காகச் செய்தால் ஒரு போத்தலுக்கே அரை நாள் ஆகும். அத்தனை கிணறுகளுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் உப்பை மட்டும் பார்த்துவிடலாம் என்று துரை முடிவு செய்தார். மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ இறங்கும் கிணற்றில் உப்பு ஏறும். கடல் பக்கத்தில் இல்லாத இடத்தில் உப்பு ஏறியிருந்தால், கக்கூஸோ கொட்டடியோ கசிகிறது என்று சந்தேகப்படலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை. துரை செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வேறு காரணம் இல்லாமல் உப்பு ஏறியிருந்தால்தான் அந்தச் சந்தேகத்துக்கு அர்த்தம் உண்டு என்று அவரே எங்களிடம் சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முட்டிக்கால்வரை சேறு. சந்தின் முனையில் காதர் மரைக்காயரின் மளிகைக்கடை. நாகூர்க்காரர். கடைக்குப் பின்னால் அவருடைய கிணறு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றிலும் இடுப்பளவு சுவர், மேலே பலகை மூடி, ஒரே வாளி, ஒரே கயிறு. யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதம் கிடையாது. ஆனால் சொந்த வாளியை உள்ளே விடக்கூடாது. கிணற்றடியில் துணி அலசக்கூடாது, குளிக்கக்கூடாது. மீறினால் மனிதர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சத்தம் போடுவார். மாசு பரவாமல் தடுப்பது எப்படி என்று இப்போது நாம் அச்சடித்து ஒட்டுகிறோமே, அதில் இருப்பதையெல்லாம் அவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

நான் போத்தலை நிரப்பி அடைப்பானை வைக்கும்போது, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, தண்ணி கொஞ்சம் கரிக்கும். போன வாரம்தான் கிணறு இறைச்சோம். தூரு வாரி, ஒரு மூட்டை கல்லுப்பும் கரியும் போட்டுருக்கு. எங்க ஊர்ப் பழக்கம். வருசா வருசம் போடுறதுதான். அதையும் எழுதிக்குங்க. உங்க சோதனையில எதாச்சும் வேற மாதிரி காட்டிடப் போவுது.”

“சரி மரைக்காயரே” என்றேன்.

“எழுதிக்குங்க தம்பி.”

“எழுதிக்கிறேன்.”

பென்சில் காதில் இருந்தது. நோட்டுப் புத்தகம் சட்டைப்பையில் இருந்தது. மழையில் நனையும் என்று நான் அதை எடுக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் தலைக்கு மேலும் சேர்த்துத்தான் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

சந்தின் நடுவில் மாட்டுக் கொட்டடி. அங்கேயும் ஒரு கிணறு உண்டு. சுவர் இடிந்து, சேறும் சாணமும் வாய்வரை வந்திருந்தது. கூலிவீட்டார் அங்கேதான் துணி அலசுவார்கள். அதிலும் ஒரு போத்தல் எடுத்தேன். மூன்று நாள் மழைத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி நின்றது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மேலே கிடந்தது பாதிக்குப் பாதி மழை. அதையும் நான் எழுதவில்லை.

மறுநாள் மேசையில் போத்தல்களை வரிசையாக வைத்துச் சோதித்தேன். கொட்டடிக் கிணற்றில் உப்பு குறைவு. மரைக்காயர் கிணற்றில் எங்கள் வரம்பைப்போல் நாலு மடங்கு. துரை என் பின்னால் வந்து நின்று பார்த்தார். நல்ல மனிதர்தான், வேலையில் கெட்டிக்காரர். கேலி பேசும் ஒரு குணத்தைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“இது மட்டும் ஏன் இவ்வளவு? வேறு காரணம் ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் கேட்டார். அவர் கேட்கவில்லை, காதில் போட்டுக்கொள்ளவில்லை, நம் ஆட்களை மதிக்கவில்லை என்றெல்லாம் எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கும். அவர் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். ஐயா, அங்கே கிணற்றில் உப்பு மூட்டையைக் கொட்டுவது வழக்கம் என்று சொல்ல வேண்டும். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல்லிக்கட்டைத் தேநீர் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் கல்லுப்பை வைத்து என்ன சொல்லுவார் என்றுகூட எனக்குள் ஓடியது. அந்த மேசையும் வெள்ளைக் கோட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

“இல்லை ஐயா” என்றேன்.

அப்படிச் சொன்னது கிணற்றைப் பற்றி எனக்குத் தெரியாததால் அல்ல. எங்கள் அம்மாவும் கிணறு இறைத்த மறுநாள் உப்புப் போடச் சொல்லுகிறவள்தான். எங்கள் வீட்டில் நடப்பதை ஒரு வெள்ளைக்காரர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவுதான் விஷயம். நம் ஆள் அல்லாத ஒருவன் அந்த மேசையில் இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவனுக்கு உப்புப் போடும் வழக்கமே தெரிந்திருக்காது, அதனால் மரைக்காயர் சொன்னதை ஆச்சரியமாக நினைத்து எழுதியிருப்பான். எனக்குத் தெரிந்ததால்தான் நான் மறைத்தேன்.

கிணற்றை மூட ஆட்களோடு என்னையும் அனுப்பினார்கள். சுண்ணாம்பு, உடைந்த செங்கல், கல் எல்லாம் வண்டியில் வந்தன. மரைக்காயர் வாளியையும் கயிற்றையும் அவிழ்த்து எடுத்துக் கடைக்குள் வைத்துவிட்டு வந்தார். பலகை மூடியை அவரே தூக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“துரைகிட்ட சொன்னீங்களா தம்பி?”

“எல்லாம் மேலிடத்து உத்தரவு மரைக்காயரே” என்றேன். இது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் மேலே கேட்கவில்லை.

கேட்டது பாக்கியம் என்ற பெண். சந்தில் இரண்டு பசுமாடு வைத்துப் பால் விற்கிறவள். புருசன் முனுசாமி, கட்டைவண்டி ஓட்டுகிறவன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, செங்கல் விழும் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“இதை மூடிட்டா நாங்க தண்ணிக்கு எங்கய்யா போறது?”

“ரோட்டுல குழாய் இருக்கே.”

“அதுல காலையில ஒரு மணி நேரம்தான் வருது. நூறு குடம் நிக்கிது. வண்டிக்காரனுங்களோட மல்லுக்கு நிக்கணும்.”

“கொட்டடிக் கிணறு இருக்கு” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தத் தண்ணியைக் காட்டினா என் மாடே மோந்துட்டுத் தலையைத் திருப்பிக்குது. அதையா நாங்க குடிக்கணும்?”

கோட்டுப் போட்ட ஆளிடம் சந்தில் நாலு பேர் முன்னால் ஒரு பால்காரி இப்படிக் கேட்டால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது.

“மாடு சொல்றதை வெச்சு நாங்க வேலை பாக்க முடியாதும்மா. அந்தத் தண்ணி சோதனையில தேறியிருக்கு. நான்தான் சோதிச்சேன். தாராளமாக் குடிக்கலாம்.”

அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. தாராளமாகக் குடிக்கலாம் என்று சொன்னேன். அவள் மரைக்காயரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். “படிச்சவங்க சொல்றீங்க” என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு கொட்டடிப் பக்கம் நடந்தாள். கேலியாகச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் குடித்தாள்.

ஒன்பதாம் நாள் அந்தச் சந்திலிருந்து மறுபடியும் செய்தி வந்தது. இந்த முறை நோய் கூலிவீட்டில் இல்லை. சந்தின் இந்த முனையில், மரைக்காயர் கிணற்றுத் தண்ணீரையே வருசக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்த வீடுகளில். நான் யாரிடமும் சொல்லாமல் போனேன். மழை நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முனுசாமி வீட்டு வாசலில் இரண்டு மாடும் கட்டிக் கிடந்தன. அவன் ஒரு வாளித் தண்ணீரை மாட்டின் முன்னால் வைத்துவிட்டு அதன் கழுத்தைப் பிடித்துக் குனியவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

“பாக்கியம் எங்கே?” என்று கேட்டேன்.

“முந்தாநாள் எடுத்துட்டோம்” என்றான். வாளியை என் பக்கம் தள்ளினான். “இதுங்க ரெண்டும் ஒரு வாரமாச் சரியாத் தண்ணி குடிக்கல. அவ சொல்லிக்கிட்டே இருந்தா.”

நான் அந்த வாளியிலிருந்தே ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன். வந்ததும் மற்றச் சோதனைகளை முழுமையாகச் செய்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. கொட்டடிக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் குழி நேராக அந்தக் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கூலிவீட்டுச் சீக்காளிகளின் துணியை அலசிய தண்ணீரும் அதிலேயே. மழைத் தண்ணீர் கலந்து கிடந்ததால்தான் முதல் சோதனையில் உப்பு குறைவாகக் காட்டியது. பிறகு அலமாரியைத் திறந்து, மரைக்காயர் கிணற்றிலிருந்து எடுத்த போத்தலில் மீதி இருந்ததையும் அதேபோல் சோதித்தேன். கழிவின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. உப்பு மட்டும்தான். கடையில் வாங்கிய கல்லுப்பு.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். கொட்டடிக் கிணற்றை அன்றே மூடச் சொன்னார். அது நடந்தது. பிறகு இன்னொரு தாளைப் பார்த்தார்.

“இது மற்றபடி சுத்தமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் உப்பு எப்படி வந்தது?”

இரண்டாவது முறையாக அவர் கேட்டார். இப்போது சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.  ஒரு பெண்பிள்ளை செத்துவிட்டாள், அவளோடு இன்னும் சிலர் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நான் வாயை மூடிக்கொண்டபோது என் மேசை போய்விடுமே என்றுதான் பயந்தேன். இப்போது பயம் அதைவிடப் பெரியது. பொய்யில் அது ஒரு கஷ்டம். முதல் நாள் அதை விடுவது சுலபமாக இருக்கும். பத்தாம் நாள் விட முடியாது.

“தெரியவில்லை ஐயா.”

“காரணம் தெரியாத உப்பைத் தள்ளிவிட முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அறிக்கை அப்படித்தான் உருவானது. முதல் காரணம் மரைக்காயர் கிணறு. அதை மூடிய பிறகு செத்தவர்கள் அதற்கு முன்பே அங்கே குடித்தவர்கள். கொட்டடிக் கிணறு கெட்டது அந்தச் சீக்காளிகளால், பிற்பாடு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. வாசித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும். அதைத்தான் நான் உட்கார்ந்து நகல் எழுதினேன். பாக்கியத்தின் சாவு அந்த அறிக்கையில் ஒரு சான்று. அவள் எந்தக் கிணற்றை விடமாட்டேன் என்று நின்றாளோ, அதுதான் அவளைக் கொன்றது என்பதற்குச் சான்று. மேலிடத்தில் பாராட்டு வந்தது. துரைக்கு வந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தலைமை உதவியாளர் ஆனேன்.

அறிக்கையின் ஒரு பிரதியைப் பதிவேட்டு அறையில் சேர்க்க நானே கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பார்த்தார். மரைக்காயர் கிணற்று வரியில் விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது.

“இஞ்ச ஒண்டும் எழுதேல்லையோ தம்பி? ஆரிட்டையும் விசாரிக்கேல்லையோ?”

“விசாரிச்சேன். ஒண்ணும் இல்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எண் போட்டு அலமாரியில் வைத்தார். என்னை நம்பினாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குப் போக வேண்டிய வேலைகளுக்கெல்லாம் வேறு ஆளை அனுப்பினேன்.

சந்தில் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அறிக்கையை யாரும் படிக்கவில்லை, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விசக்கிணத்து மரைக்காயர் என்று பேர் வைத்தார்கள். அவர் கடை அரிசியைக்கூட வாங்க யோசித்தார்கள். அந்தக் கிணற்றில் பத்து வருடம் தண்ணீர் எடுத்தவர்களே வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். முனுசாமி ஒருநாள் அந்தக் கடை முன்னால் நின்று கத்திவிட்டுப் போனானாம். என் பெண்சாதியைக் கொன்னவரே என்று. அவனும் எங்கள் அறிக்கையைத்தானே நம்ப வேண்டும்?

அடுத்த வருடம் மரைக்காயர் கடையைக் கைமாற்றிவிட்டு நாகூருக்குத் திரும்பிப் போக முடிவு செய்தார். கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வுக்கூடத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனேன். ஒரு வருடத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைகூடப் பட்டேன்.

“தம்பி, ஊருக்குப் போறேன். அங்கயும் செய்தி போயிருக்கும். ஒன் கிணத்தாலயா சனம் மவுத்தாச்சுன்னு கேப்பாங்க. என் புள்ளைங்களுக்காச்சும் நான் ஒரு பதில் சொல்லணும். அதான் ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“கேளுங்க மரைக்காயரே.”

“அன்னிக்கு மழையில நான் சொன்னேனே, கிணறு இறைச்சு உப்புப் போட்டுருக்குன்னு. அதை நீங்க எழுதினீங்கல்ல?”

அந்த நேரத்தில் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? துரையிடம் போயிருக்கலாம். அறிக்கை மாறியிருக்கலாம். குறைந்தது, தன் கிணறு யாரையும் கொல்லவில்லை என்று தெரிந்து கப்பல் ஏறியிருப்பார். என் வேலை போயிருக்கும். இதையெல்லாம் நான் அந்த மரத்தடியிலேயே யோசித்துவிட்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

“எழுதினேன்” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப தொரைதான் ஏத்துக்கல. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“எனக்குத் தெரியும் தம்பி. சந்துல ஒங்களை ரொம்பப் பேர் தப்பாப் பேசுனாங்க. நான்தான் சொன்னேன், அந்தப் புள்ள எழுதிக்கிறேன்னு என்கிட்ட சொல்லுச்சு, எழுதியிருக்கும், மேல இருக்கிறவங்க கேக்கலேன்னா அது என்ன செய்யும்னு.”

இனி உங்களுக்கு. கடைசிக் கட்டத்தை நிரப்புங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நிரப்ப வேண்டும் என்று எனக்கும் அன்றே தெரியும். கிணற்றடியில் ஒருவர் சொன்னது உங்கள் வீட்டில் நடப்பதைப்போல் இருந்து, அதை எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்தால், அப்போது கட்டாயம் எழுதுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பச்சை அட்டை அறிக்கையை இனி யார் உங்கள் கையில் கொடுத்தாலும், மரைக்காயர் கிணற்று வரியில் நான் விட்ட இடத்தை உங்கள் பென்சிலால் நிரப்பிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்றைக்கு மரத்தடியில் மரைக்காயர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர்கள் வழக்கப்படி. “அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருட வேலையில், நான் தண்ணீர் எடுத்த கிணற்றுக்காரர்களில் ஒருவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் எழுதாத ஒரு வரிக்காக.